தம்போய் கால்வாயிலிருந்து கோத்தா இஸ்கண்டார் வரை: மாநகர் மன்றம் மாநில அரசிடம் ஏன் கேட்டு நிற்கிறது?

வீட்டுக்கு முன்னால் கால்வாய் அடைத்துக்கொண்டால் மாநகர் மன்றத்தைத் திட்டுகிறோம். சாலையில் குழி விழுந்தாலும் அதே மன்றம்தான், குப்பை லோரி வராவிட்டாலும் அதே மன்றம்தான். ஆனால் ஜொகூர் பாரு மாநகர் மன்றம், அதாவது எம்பிஜேபி, தானாக முடிவெடுத்துச் செய்யக்கூடிய காரியங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பல விஷயங்களில் அது முதலில் மாநில அரசின் கதவைத் தட்ட வேண்டும். அந்தக் கதவு எங்கே இருக்கு, அங்கே என்ன கேட்கணும், அதில் உங்களுக்கு என்ன வேலை? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாச் சொன்னா

• ஊராட்சியும் நிலமும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது.

• மேயரையும் மன்ற உறுப்பினர்களையும் நியமிப்பது மாநில அரசு. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை.

• மதிப்பீட்டு வரி விகிதம், ஆண்டு வரவு செலவு, கடன், துணைச் சட்டம் எல்லாவற்றுக்கும் மாநிலத்தின் ஒப்புதல் தேவை.

• ஆகவே, தம்போய்க்கு எது முதலில் கிடைக்கும் என்பது மாநகர் மன்றக் கட்டடத்தில் மட்டும் முடிவாவதில்லை. கோத்தா இஸ்கண்டாரில் பாதி முடிவாகிறது.

முதல்ல ஒரு கேள்வி: தம்போயில் எது யாருடையது?

ஜாலான் தம்போயில் நின்றுகொண்டு சுற்றிப் பாருங்க. ஒரே இடத்தில் குறைந்தது நான்கு அரசாங்க அமைப்புகள் இருக்கும்.

சாலையோர விளக்கு, தாமான்களுக்குள் ஓடும் கால்வாய், பூங்கா, அங்காடிக் கடை உரிமம், கட்டட வரைபட ஒப்புதல் ஆகியவை மாநகர் மன்றத்தின் வேலை.

குப்பை அப்படி இல்லை. 2007-ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் ஜொகூரில் அமலில் இருக்கிறது. அதன்படி குப்பை அகற்றும் பொறுப்பு கூட்டரசு அரசாங்கத்தின் கீழ் உள்ள எஸ்டபிள்யூ கோர்ப்பிடம் போய்விட்டது. வண்டி ஓட்டுவது குத்தகை நிறுவனம். ஆகவே குப்பை எடுக்கலைன்னு மேயரைத் திட்டினால், நீங்க திட்டுவது தப்பான ஆளை.

ஸ்குடாய் நெடுஞ்சாலை கூட்டரசுச் சாலை. அதைப் பராமரிப்பது பொதுப்பணித் துறை. தம்போயில் பல தலைமுறையாக எல்லாருக்கும் தெரிந்த பெர்மாய் மருத்துவமனை சுகாதார அமைச்சுக்குச் சொந்தம். குழாயில் வரும் தண்ணீரை விநியோகிப்பது ரான்ஹில் எஸ்ஏஜே.

நிலம்? அது மாநிலத்தினுடையது. ஒரு காலி நிலம் விளையாட்டுத் திடலாக இருக்கணுமா, கோயிலுக்கு ஒதுக்கணுமா, தொழிற்சாலைக்குப் போகணுமா என்பதை மாநகர் மன்றம் சொந்தமாக முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று: அதே நெடுஞ்சாலையில் ஸ்குடாய் பக்கம் போனால் மாநகர் மன்றமே மாறிவிடும். அங்கே இருப்பது இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றம். கிழக்கே மாசாய் பக்கம் பாசிர் கூடாங் மாநகர் மன்றம். ஜொகூர் பாருவுக்கு மாநகர் தகுதி கிடைத்தது 1994 ஜனவரி 1-ல்; இஸ்கண்டார் புத்ரிக்கு 2017-ல், பாசிர் கூடாங்குக்கு 2020-ல். வேலைக்குப் போகும் உங்களுக்கு இது ஒரே நகரம். நிர்வாகத்துக்கு அது மூன்று.

மாநகர் மன்றம் ஏன் கேட்க வேண்டியிருக்கு?

காரணம் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம். சுருக்கமாக 171-ஆம் சட்டம் என்பார்கள். தீபகற்ப மலேசியாவில் உள்ள எல்லா ஊராட்சி மன்றங்களுக்கும் இதுதான் அடிப்படை.

இந்தச் சட்டத்தைப் படித்தால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: 'மாநில அதிகாரம்'. சட்டப்படி அது சுல்தானை அல்லது ஆளுநரைக் குறிக்கிறது. நடைமுறையில் மந்திரி புசார் தலைமையிலான ஆட்சிக்குழுவின் ஆலோசனைப்படி இயங்குகிறது. சில இடங்களைப் பாருங்க:

• 9-ஆவது பிரிவு: கொள்கை சார்ந்த பொதுவான உத்தரவுகளை மாநிலம் மன்றத்துக்குப் பிறப்பிக்கலாம்.

• 10-ஆவது பிரிவு: மேயரோடு 8-க்குக் குறையாமல் 24-க்கு மேற்படாமல் உறுப்பினர்களை மாநிலம் நியமிக்கும். ஒரு தவணை அதிகபட்சம் 3 ஆண்டுகள்.

• 41-ஆவது பிரிவு: கடன் வாங்க மாநிலத்தின் சம்மதம் வேண்டும்.

• 103-ஆவது பிரிவு: மன்றம் இயற்றும் துணைச் சட்டத்தை மாநிலம் உறுதி செய்து அரசிதழில் வெளியிடும் வரை அது செல்லாது.

• 127-ஆவது பிரிவு: மதிப்பீட்டு வரி விதிக்க மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும்.

வீட்டில் கூட்டுக்குடும்பம் நடத்துவது மாதிரிதான். சம்பாதிப்பது நாம்தான், ஆனால் செலவு செய்ய அப்பாவிடம் கேட்கணும். எம்பிஜேபி-யின் வருமானத்தில் பெரும் பங்கு நாம் கட்டும் மதிப்பீட்டு வரி. அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்ற ஆண்டுத் திட்டமும் ஒப்புதலுக்கு மேலே போகணும்.

யாரிடம் கேட்பது? மூன்று கதவுகள்

'மாநகராட்சி சட்டமன்றத்திடம் கோரிக்கை வைக்கிறது' என்று சொன்னதும், மேயர் சட்டமன்றத்தில் எழுந்து நின்று பேசுவது போல ஒரு காட்சி மனசில் வரலாம். நம் ஊரில் அப்படி நடக்காது. கோரிக்கை என்ன என்பதைப் பொறுத்துக் கதவு மாறும்.

முதல் கதவு, ஆட்சிக்குழு. பெரும்பாலான ஒப்புதல்கள் இங்கேதான். மன்றத்தின் கோரிக்கை மாநிலச் செயலக அதிகாரிகள் வழியாக, வீடமைப்பு மற்றும் ஊராட்சிக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினரிடம் போகும். 2022 தேர்தலுக்குப் பிறகு இந்தப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டவர் டத்தோ முகமட் ஜாஃப்னி ஷுக்கோர். வரி விகிதம், நிலம், மன்ற உறுப்பினர் நியமனம் எல்லாம் இந்த அறையில் முடிவாகும். இந்தக் கூட்டங்களை நாம் பார்க்க முடியாது.

இரண்டாவது கதவு, சட்டமன்றம். கோத்தா இஸ்கண்டாரில் உள்ள சுல்தான் இஸ்மாயில் கட்டடத்தில் கூடும் ஜொகூர் சட்டமன்றத்தில் 56 இடங்கள். மாநில வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும் மாநிலச் சட்டங்களை இயற்றுவதும் இதன் வேலை. இதைவிட முக்கியமானது கேள்வி நேரம். ஆட்சிக்குழு மூடிய அறையில் எடுத்த முடிவுக்குப் பொதுவில் பதில் சொல்ல வேண்டிய ஒரே இடம் இது. உங்க சட்டமன்ற உறுப்பினர் தம்போய் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால், பதில் அவைக் குறிப்பில் பதிவாகும்.

மூன்றாவது கதவு, நாடாளுமன்றம். 171-ஆம் சட்டமே நாடாளுமன்றம் இயற்றியது. அதை ஜொகூர் சட்டமன்றத்தால் திருத்த முடியாது. நல்ல உதாரணம் குப்பை வீசுவதற்கான தண்டனை. துணைச் சட்டத்தை மீறுவோருக்கு மன்றம் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 2,000 ரிங்கிட் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. குப்பை போட்டவரைச் சமூக சேவை செய்ய வைக்கலாம் என்ற யோசனை வந்தபோது, எந்த மாநிலமும் தனியாக அதைச் செய்ய முடியவில்லை. 2025-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2026 ஜனவரி 1 முதல் நீதிமன்றம் 12 மணி நேரம் வரை சமூக சேவை விதிக்கலாம்.

மூன்று கதவுகளுக்கும் நடுவில் ஒரு மேசையும் இருக்கிறது. அரசியலமைப்பின் 95ஏ பிரிவின் கீழ் அமைந்த தேசிய ஊராட்சி மன்றம் அது. கூட்டரசு அமைச்சர் தலைமையில் ஒவ்வொரு மாநிலத்தின் பிரதிநிதியும் அதில் உட்காருவார். அங்கே எடுக்கும் கொள்கை முடிவு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும்.

சரி, ஒரு மாநகர் மன்றம் கேட்க வேண்டியவை என்னென்ன?

சட்டத்தையும் ஜொகூர் பாருவின் இன்றைய நிலைமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஐந்து விஷயங்கள் முன்னால் வந்து நிற்கின்றன.

1. பணம்: மதிப்பீட்டு வரி

ஆண்டுக்கு இரண்டு தவணையாக வரும் மதிப்பீட்டு வரி பில்லை உங்க வீட்டில் யாராவது கட்டிக்கொண்டிருப்பார்கள். இதையும் நில வரியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நில வரி மாநிலத்துக்குப் போகிறது. மதிப்பீட்டு வரி மாநகர் மன்றத்துக்கு.

இதில் ஜொகூருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற தீபகற்ப மாநிலங்களில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை வைத்து வரி போடுவார்கள். ஜொகூரில் அந்த வீட்டை விற்றால் என்ன விலை போகும் என்பதை வைத்துப் போடுகிறார்கள். 171-ஆம் சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது. வாடகை மதிப்பு முறையில் உச்சவரம்பு 35 விழுக்காடு, விற்பனை மதிப்பு முறையில் 5 விழுக்காடு. நடைமுறையில் மன்றங்கள் விதிப்பது இந்த உச்சவரம்பைவிட மிகக் குறைவு.

இது ஏன் முக்கியம்? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்க தம்போய் வீட்டின் பதிவான மதிப்பு 300,000 ரிங்கிட், விகிதம் 0.15 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்க. ஆண்டு வரி 450 ரிங்கிட். மறுமதிப்பீட்டில் வீட்டின் மதிப்பு 500,000 ஆகிவிட்டது, விகிதத்தைத் தொடவே இல்லை. வரி 750 ஆகிவிடும். வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட நீங்க மாற்றவில்லை. சம்பளமும் ஏறவில்லை. ஆனால் சிங்கப்பூர் பக்கத்தில் இருப்பதால் வீட்டு விலை ஏறியது, வரியும் ஏறியது.

சட்டப்படி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்க வேண்டும். ஆனால் மாநிலம் விரும்பினால் காலத்தை நீட்டலாம். இங்கேதான் இழுபறி. மன்றத்துக்குச் செலவு ஏறிக்கொண்டே போகிறது, பழைய மதிப்பை வைத்து வரி வாங்கினால் கட்டாது. மாநில அரசுக்கோ அடுத்த தேர்தல் கண் முன்னால். வரியை ஏற்றினால் ஓட்டு போகும். மன்றம் கேட்கும், மாநிலம் தயங்கும். பல ஆண்டுகள் தள்ளிப்போட்டு ஒரேயடியாக ஏற்றும்போது அடி விழுவது ஓய்வூதியம் வாங்கும் தாத்தா பாட்டிக்கும், பழைய தாமானில் இருக்கும் குடும்பங்களுக்கும்தான்.

2. நிலம்

ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரி 7-ல் கையெழுத்தானது. அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருந்த நில விலை இப்போது இன்னும் ஏறுகிறது. விலை ஏறிய நகரத்தில் முதலில் காணாமல் போவது விற்க முடியாத விஷயங்கள்: திடல், சமூக மண்டபம், இடுகாடு, வழிபாட்டுத் தலம்.

மயானமும் மின்சுடலையும் அமைக்க மாநகர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கான நிலத்தை ஒதுக்கித் தருவது மாநிலம். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு இது வெறும் கோப்பு விவகாரம் இல்லை. பட்டா இல்லாத நிலத்தில் இருக்கும் கோயில் என்றாலும், மாற்று இடம் என்றாலும், கடைசியில் கையெழுத்து விழ வேண்டியது மாநில நில அலுவலகத்தில். மாநகர் மன்றம் செய்யக்கூடியது, உள்ளூர் வரைவுத் திட்டத்தில் அந்த இடத்தை முன்கூட்டியே குறித்து வைப்பதுதான். அந்தத் திட்டத்துக்கும் மாநிலத்தின் அனுமதி தேவை.

3. சாலையும் பொதுப் போக்குவரத்தும்

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் அளவுக்கு அதைத் திட்டமிட்டிருக்கிறார்கள். 2026 இறுதி, 2027 தொடக்கம் என்பது இலக்கு.

ரயிலுக்குள் ஏறியவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள். கேள்வி, தம்போயிலிருந்து புக்கிட் சாகாருக்கு எப்படிப் போவது? அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய பேருந்துத் தடம், வாகன நிறுத்துமிடம், நடைபாதை எல்லாம் வேறு வேறு அமைப்புகளின் கையில் இருக்கின்றன. நடைபாதை மன்றத்தினுடையது, பேருந்து உரிமம் கூட்டரசினுடையது, நகருக்குள் புதிய உயர்மட்டப் போக்குவரத்துத் தடம் மாநிலமும் கூட்டரசும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது.

சாலைப் பராமரிப்புப் பணத்துக்கும் ஒரு சுற்றுவழி உண்டு. மாநிலச் சாலைகளுக்காகக் கூட்டரசு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. அந்தப் பணம் மாநிலத்தின் வழியாக மன்றத்துக்கு வரும். மாரிஸ் என்ற பதிவேட்டில் ஏறிய சாலைக்குத்தான் மானியம். பதிவில் இல்லாத சாலையின் குழி மன்றத்தின் சொந்தச் செலவு. உங்க தாமான் சாலையை மேம்பாட்டாளர் இன்னும் முறையாக ஒப்படைக்கவில்லை என்றால், அந்தக் குழி யாருடையதும் இல்லாமல் கிடக்கும்.

4. வெள்ளம்

ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் போதும், தாழ்வான இடங்களில் கார் டயர் முங்கிவிடுகிறது. தாமான் கால்வாய் மன்றத்தின் பொறுப்பு. ஆனால் அந்தத் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய ஆறும் பெரிய வடிகாலும் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் கையில். ஸ்குடாய் ஆறு ஒரு மன்றத்தின் எல்லைக்குள் அடங்குவதில்லை. மேல்பக்கத்து மன்றம் காட்டை வெட்டிக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தால், கீழ்ப்பக்கத்து மன்றத்தின் வீடுகளுக்குள் தண்ணீர் வரும்.

அதனால் கால்வாயை மட்டும் அகலப்படுத்த மன்றம் பணம் ஒதுக்கினால் பாதி வேலைதான். மீதியை மாநிலம்தான் ஒருங்கிணைக்க முடியும். அதற்குத்தான் மந்திரி புசார் தலைமையில் மாநிலத் திட்டமிடல் குழு இருக்கிறது. வெள்ளம் வந்த மறுநாள் படம் எடுத்துப் போடுவதைவிட, ஒரு பெரிய வீடமைப்புத் திட்டம் அந்தக் குழுவுக்குப் போகும்போது 'தண்ணீர் எங்கே போகும்?' என்று கேட்பது அதிகம் பயன் தரும்.

5. மன்றத்தில் யார் உட்காருவது?

இது எந்த மன்றமும் வாய் திறந்து கேட்காத கோரிக்கை. ஆனால் மற்ற நான்குக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் நாம் ஓட்டுப் போட்டோம்

இன்றைய 20 வயதுக்காரர்களில் பலருக்குத் தெரியாத விஷயம்: மலாயாவில் முதல் தேர்தல் நாடாளுமன்றத்துக்கு நடக்கவில்லை. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் நகராட்சிக்கு நடந்தது. அதன் பிறகு பல நகரங்களில் மக்கள் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அதே ஆண்டு ஓர் அரச விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஒரு தமிழர்: செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனின் கணவர். கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் அவர் பெயரில் சாலைகள் இருக்கின்றன.

அந்த ஆணையம் நாடு முழுக்கக் கருத்துக் கேட்டுவிட்டுச் சொன்ன முக்கியமான பரிந்துரை, ஊராட்சி மன்றங்கள் தேர்தல் மூலமே அமைய வேண்டும் என்பதுதான். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் குறைகள் இருந்தாலும், நியமன மன்றங்களைவிட அவையே மேல் என்பது அதன் நிலை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ல் வந்த 171-ஆம் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, ஊராட்சித் தேர்தல் தொடர்பான எல்லாச் சட்டங்களும் இனிச் செல்லாது என்று முடித்துவைத்தது.

ஒரு மாநிலம் மட்டும் தனியாகத் தேர்தல் நடத்த முடியாதா? பினாங்கு முயன்று பார்த்தது. 2012-ல் சட்டமன்றத்தில் தனிச் சட்டமே இயற்றியது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் அந்த முயற்சியை நிராகரித்தது. ஆக, இந்தக் கோரிக்கைக்கும் மூன்றாவது கதவுதான்.

விளைவை யோசித்துப் பாருங்க. உங்களை வேலைக்கு வைத்தவரிடம், 'நீங்க தரும் பணம் போதவில்லை' என்று ஊர் கூட்டிச் சொல்வீர்களா? மாட்டீர்கள். தனியாகப் பேசுவீர்கள், கோப்பில் எழுதுவீர்கள். நியமன மன்றமும் அப்படித்தான். இந்த ஆண்டு மாநிலத்திடம் என்ன கேட்டோம், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு பட்டியலை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் நம் சட்டத்தில் இல்லை.

வேற ஊர்ல எப்படி?

அமெரிக்காவின் சியாட்டில் நகரம், வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் ஜனவரியில் கூடுவதற்கு முன், தன் முன்னுரிமைக் கோரிக்கைகளை ஆவணமாகவே வெளியிடுகிறது. வீடமைப்பு, போக்குவரத்து, பொதுப் பாதுகாப்பு என்று தலைப்புப் பிரித்து எழுதுவார்கள். அங்கேயும் அதிகாரம் மாநிலத்திடம்தான். சொத்து வரி வசூலை ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று மாநிலச் சட்டம் நகரங்களின் கையைக் கட்டி வைத்திருக்கிறது. அந்தக் கட்டைத் தளர்த்தச் சொல்லி நகரங்கள் பல ஆண்டுகளாகக் கேட்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், நகரம் என்ன கேட்டது என்று அங்கே குடியிருப்பவருக்குத் தெரியும்.

சென்னைக்குப் போவோம். அங்கே 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது, 28 வயது ஆர். பிரியா மேயர் ஆனார். தேர்தல் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரலில் சொத்து வரியை 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தும் அறிவிப்பை வெளியிட்டது மாநில அரசு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தாலும் கயிறு மாநிலத்தின் கையில் இருக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், சென்னையை ஞாபகப்படுத்துங்க.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற மாதிரி. சிங்கப்பூரில் 1988 முதல் நகர மன்றங்களை நடத்துவது நாடாளுமன்ற உறுப்பினர்களே. மின்தூக்கி ஓடவில்லை என்றால் உங்க ஓட்டு வாங்கியவரே பதில் சொல்லணும். அங்கே மாநிலம் என்ற நடு அடுக்கே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, நான் என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்யலாம். ஆனால் சரியான கதவைத் தட்டணும்.

முதலில் ஆளைத் தெரிஞ்சுக்குங்க. உங்க சட்டமன்றத் தொகுதி எது என்று தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்க. தம்போய் என்று அஞ்சல் முகவரி இருந்தால் போதாது, தொகுதி எல்லை வேறு. அடுத்து, உங்க வட்டாரத்தைக் கவனிக்கும் மாநகர் மன்ற உறுப்பினர் யார் என்று எம்பிஜேபி-யிடம் கேளுங்க. அவர் நியமிக்கப்பட்டவர் என்றாலும், மாதக் கூட்டத்தில் பேசும் உரிமை அவருக்கு உண்டு.

கூட்டத்துக்கே போகலாம். 171-ஆம் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்தது. வேண்டாம் என்று மன்றம் அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால் மட்டுமே மூட முடியும். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் போவதில்லை.

திட்டம் வரைவாக இருக்கும்போதே பேசுங்க. உள்ளூர் வரைவுத் திட்டத்தை மன்றம் பொதுப் பார்வைக்கு வைக்கும், எழுத்துபூர்வமாக ஆட்சேபம் தெரிவிக்கக் காலம் கொடுக்கும். திடலை, கோயில் நிலத்தை, வடிகாலைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அதுதான். புல்டோசர் வந்த பிறகு பேசினால் தாமதம்.

வரிக்கும் அப்படித்தான். புதிய மதிப்பீட்டுப் பட்டியல் அறிவிப்பு வீட்டுக்கு வந்தால், அதை அப்பா கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீங்க. மதிப்பு அதிகம் என்று தோன்றினால் குறித்த காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். பெரியவர்களுக்கு மலாய்ப் படிவம் சிரமம் என்றால், நீங்க உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்க. பக்கத்தில் அதே மாதிரி வீடுகள் என்ன விலைக்குப் போயின என்ற விவரத்தைச் சேர்த்தால் ஆட்சேபம் வலுவாகும்.

சட்டமன்ற உறுப்பினரிடம் பொதுவாகப் புலம்ப வேண்டாம். 'வெள்ளம் வருது' என்பது புகார். 'எங்க தாமானுக்குப் பின்னால் உள்ள வடிகாலை மேம்படுத்த மாநகர் மன்றம் மாநிலத்திடம் நிதி கேட்டதா, கேட்டால் எப்போது, பதில் என்ன?' என்பது கேள்வி. இப்படிக் கேட்டால் அவர் அதை அப்படியே அவையில் எழுப்பலாம். சட்டமன்றத்தின் இரண்டு கூட்டங்களுக்கு இடையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விட முடியாது. வரவு செலவுத் திட்டம் வழக்கமாக ஆண்டு இறுதியில் தாக்கலாகும். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கேள்வி அவர் கையில் இருக்கணும்.

கடைசியா ஒரு கணக்கு

18 வயது ஆனவர்கள் ஓட்டுப் போட்ட நாட்டின் முதல் தேர்தல் எது தெரியுமா? 2022 மார்ச் 12-ல் நடந்த நம் ஜொகூர் மாநிலத் தேர்தல். அதில் ஓட்டுப் போடப் போனவர்கள் ஏறக்குறைய 55 விழுக்காடு. கிட்டத்தட்ட பாதிப் பேர் வரவில்லை. பலர் சிங்கப்பூரில் வேலை, வேறு ஊரில் படிப்பு என்று இருந்திருப்பார்கள், புரிகிறது. ஆனால் 'மாநிலத் தேர்தல்தானே, அது என்ன பெரிசு' என்று நினைத்து வீட்டில் இருந்தவர்களும் உண்டு.

இப்போது உங்களுக்குத் தெரியும். மேயருக்கு ஓட்டுப் போட நமக்கு உரிமை இல்லை. மேயரை நியமிப்பவர்களுக்கு ஓட்டுப் போடும் உரிமை இருக்கிறது. உங்க வீட்டு வரி, பக்கத்துத் திடல், மழைநீர் போகும் வழி, இவை எல்லாவற்றிலும் மாநகர் மன்றம் கேட்டு நிற்கும் இடம் அந்த 56 பேர் உட்காரும் அவையும் அதிலிருந்து வரும் ஆட்சிக்குழுவும்தான். அடுத்த முறை வேட்பாளர் உங்க தாமானுக்குக் கைகுலுக்க வரும்போது ஒன்றை மட்டும் கேளுங்க: "எம்பிஜேபி உங்ககிட்ட இந்த வருஷம் என்ன கேட்டுச்சு? நீங்க என்ன கொடுத்தீங்க?"